முதல் கை

ஃபின்லே போட்டிருந்த புதுக் கோட்டைப் பார்த்ததும் ஹெக்டரின் கை தன் கால்சட்டைப் பைக்குள் போனது.

படகில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்த ஃபின்லே அப்படியே நின்றான்.

கேப்டனாக அவன் கடலுக்குப் போகும் முதல் நாள். மக்டஃப் துறைமுகத்தில் புதுக் கோட்டானாலும் புதுப் படகானாலும், முதலில் காசு வைப்பவரின் கைராசிதான் அதற்குக் கடைசிவரை. அப்படிக் காசு வைப்பதை ஹான்சல் என்பார்கள்.

ஹெக்டர் தங்கமான மனிதர். கைதான் சரியில்லை. அவர் ஹான்சல் வைத்த ஒரு படகு எரிந்துபோனது. இன்னொன்று பாறையில் ஏறியது.

"இந்தா மாப்ளே, மொதக் காசு என்னோடது. உங்கப்பன்கூட நாப்பது வருசம் வலை இழுத்தவன் நான்."

"அதான் அவரு வலையில நாப்பது வருசமும் தண்ணியா ஏறுச்சு," என்றான் படகிலிருந்த ரோரி.

யாரும் சிரிக்கவில்லை. கரையில் கட்டியிருந்த கயிற்றை ரோரி அவிழ்க்கவும் இல்லை.

காசை வாங்கினால் ரோரியோடு சேர்த்துப் படகிலிருந்த நால்வரும் கூட வர மாட்டார்கள். வேண்டாம் என்றால், கிழவரை ஊர் பார்க்க அறைந்த மாதிரி.

மனைவி எல்ஸ்பெத் ஒருமுறை சொல்லியிருந்தாள். டீச்சர் ஆயிற்றே. ஹான்சல் என்பது வடக்கேயிருந்து படகேறி வந்த பழைய சொல்லாம். அதில் காசே கிடையாதாம். கை கொடுப்பது. அவ்வளவுதான் அர்த்தம்.

இந்தக் கோட்டை வாங்கியவளும் அவள்தான். "கேப்டனாப் போற அன்னிக்குப் போடு. அதுவரைக்கும் தொடாத."

அவன் தொடவில்லை. இன்று விடிந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தான்.

ஹெக்டரின் காசு நெருங்கி வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஃபின்லே கோட்டுப் பைக்குள் கையை விட்டான்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

வெள்ளியில் ஒரு ஆறு பென்ஸ் காசு. ஓரம் சற்று வளைந்தது. கல்யாணத்தன்று ராசிக்கென்று இடது செருப்புக்குள் வைத்துக்கொண்டு எல்ஸ்பெத் நடந்த காசு.

படகில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி அதை உயர்த்திப் பிடித்தான். முதுகு தானாக நிமிர்ந்தது.

"மன்னிச்சுக்க மாமா. எங்க வீட்டுல முந்திக்கிட்டா."

ஹெக்டர் அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

ஃபின்லே அவர் காசையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டாவது காசுக்கு ராசியும் இல்லை, தோஷமும் இல்லை.

ரோரி கயிற்றை அவிழ்த்தான்.

துறைமுக வாயைத் தாண்டும்போது, கேப்டன்மார் தங்கள் வீடு இருக்கும் பக்கம் பார்த்து ஒருமுறை ஹாரன் அடிப்பது வழக்கம்.

ஃபின்லே, குன்றின் மேலிருந்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து அடித்தான். நீளமாக.