மேலாளரின் மூக்கு

மனித குலத்தின் பாதுகாப்பே தன் மூக்கு நுனியில் இருப்பதாக அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தின் மேலாளர் நம்பினார். அந்த நுனியில் அப்போது ஒரு பரு இருந்தது.

லேபிள் கிழிந்த பாட்டிலைத் திறந்து ஒரு முறை முகர்ந்தார்.

"ஆசிட். இருபது வருஷ அனுபவம்மா இந்த மூக்குக்கு. கொண்டுபோய் ஆசிட் அலமாரியில வை."

"வைக்க மாட்டேன் சார்," என்றாள் கையுறை போட்ட ஊழியை. "முதல்ல தாள்ல சோதிக்கணும். வேற எதாவதா இருந்து ஆசிட்டோட கலந்தா, கொதிச்சு முகத்துல தெறிக்கும்."

"என் மூக்கை விடத் தாள் பெரிசா? வை. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"வரல சார். ஆனா இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் இது என் மேஜை."

சோதனைத் தாளில் ஒரு சொட்டு வைத்தாள். ஆசிட் என்றால் சிவக்க வேண்டிய தாள் கருநீலமானது.

"காரம் சார். சாக்கடை அடைப்பு எடுக்கிற மருந்தா இருக்கும்."

"தாள் பழசு!" என்று கத்தினார் மேலாளர். "என் மூக்கு பொய் சொல்லாது!"

பழைய பேட்டரிகளோடு வரிசையில் நின்ற அம்மாள் முன்னால் வந்தாள். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் மேலாளருக்கு இல்லை.

"காலையில பால் தீஞ்சு வீடே நாறினப்போ, அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்ச மூக்குதானே?" என்றவள் ஊழியையிடம் திரும்பினாள். "நீ தாள் சொன்ன இடத்துலயே வைம்மா. நாளைக்கும் வேலைக்கு வா."

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் மேலாளர், குரல் இறங்கி.

அவள் அவருடைய மனைவி. மேலாளருக்கு ஆறு வருடங்களாக எந்த வாசனையும் தெரிவதில்லை.