செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை

“‘…பன்னிரண்டு முடிச்சுப் போட்ட கயிற்றில் மூன்று பிள்ளைகளைக் கட்டி, நாற்பது நிமிடம் வெயிலில் நிறுத்தி வைக்கிறார் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.’”

கல்வி அதிகாரி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தின் அடியில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அசல் மொட்டைக் கடுதாசி.

தலைமையாசிரியருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு வருஷமாக அவர் வாய் வலிக்கச் சொல்லியும் கேட்காத டீச்சர் அது. கரும்பலகை சும்மா கிடக்க, பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கயிறும் குச்சியுமாகக் கணக்கு நடத்துகிறவர்.

“நான் சொன்னா பொறாமைம்பாங்க சார். இப்ப பெத்தவங்களே எழுதிட்டாங்க பாருங்க” என்றார்.

மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. டீச்சரைக் கணக்கிலிருந்து நூலகத்துக்கு மாற்றும் உத்தரவு. அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

டீச்சர் உள்ளே வந்தார். ஒல்லியான உருவம். முழங்கை வரைக்கும் சுண்ணாம்புத் தூள்.

“இனிமே வகுப்பை விட்டு வெளிய போக மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இதோட விட்டுடறோம்” என்றார் தலைமையாசிரியர்.

“எழுத மாட்டேன் சார்.”

“கணக்கு உங்க கையை விட்டுப் போயிடும்மா.”

“போகட்டும் சார். ஆனா மூணாம் பீரியட் மணி அடிச்சாச்சு, புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. கண்ணால பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க.”

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். ‘என்ன திமிர்!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவுத் தாளோடு தலைமையாசிரியரும், கடுதாசியோடு அதிகாரியும் பின்னால் போனார்கள்.

மைதானத்தில் கயிறு இருந்தது, முடிச்சு இருந்தது. யாரையும் கட்டித்தான் வைக்கவில்லை. முனையோடு முனை சேர்த்த கயிற்றை மூன்று பேர் மூன்று மூலையில் நின்று விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

“என்னம்மா இது?” என்று கேட்டார் அதிகாரி.

வகுப்பே ‘வாயாடி’ என்று கூப்பிடும் பெண் முந்திக்கொண்டாள். “ஒரு பக்கம் மூணு இடைவெளி, ஒரு பக்கம் நாலு, எதிர்ப் பக்கம் அஞ்சு. நான் நிக்கற மூலை செங்கோணம் சார். நம்பிக்கை இல்லன்னா உங்க ஃபைலை வெச்சுப் பாருங்க.”

அதிகாரி குனிந்து வைத்துப் பார்த்தார். ஃபைலின் மூலை அச்சாகப் பொருந்தியது.

“அப்படியே நிமிந்து நில்லுங்க சார், உங்க நிழல் வேணும்!” என்று இன்னொருத்தி அளவு நாடாவோடு ஓடி வந்தாள்.

“ஏய், யாரைப் போய் அளக்கறீங்க!” என்று பாய்ந்தார் தலைமையாசிரியர். அதற்குள் அளந்தாகிவிட்டது.

“சார் நூத்தி அறுபது சென்டிமீட்டர், நிழல் எண்பது. கொடிக்கம்பத்து நிழல் நானூத்தி அம்பது. அப்ப கம்பம் ஒன்பது மீட்டர்.”

“சும்மா அடிச்சு விடாதே” என்றார் அதிகாரி. அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கொடிக் கயிற்றில் நூலைக் கட்டி உச்சி வரை அவரே இழுத்து ஏற்றினார். இறக்கி அளந்தபோது ஒன்பது மீட்டருக்கு நாலு விரல் குறைந்தது.

“அந்த நாலு விரல் கப்பிக்கு மேல இருக்கு சார்” என்றாள் வாயாடி.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தலைமையாசிரியர் கையிலிருந்த உத்தரவை வாங்கி நாலாகக் கிழித்தார். “இதே செங்கோணத்தை நான் மனப்பாடம் பண்ணியே முதுகு வீங்கினவன்யா. இந்த வகுப்பு இப்படியே நடக்கட்டும்.”

தலைமையாசிரியர் முகம் தொங்கிப் போயிற்று. ஆனால் அதிகாரியின் சிரிப்பும் நிலைக்கவில்லை. கையிலிருந்த கடுதாசியைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

“கட்டி வெச்சுக் கொடுமைப்படுத்தறாங்கன்னு எவ்வளவு பெரிய பொய்! எழுதினவனைச் சும்மா விடக் கூடாது. யாரா இருக்கும்?”

தலைமையாசிரியருக்கு சந்தேகம் தன் மேல் விழும் முன் யாரையாவது மாட்டிவிட்டால் போதுமென்றிருந்தது. “இந்த வாயாடியோட அப்பாதான் சார். லாரி டிரைவர். பொண்ணுக்கு வெயில்ல தலைவலின்னு போன மாசம் கேட்ல நின்னு சத்தம் போட்டாரு.”

“நாளைக்கே வரச் சொல்லுங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்.”

வாயாடியின் கையிலிருந்த கயிறு தொய்ந்தது. “எங்கப்பாவுக்கு எழுதவே தெரியாது சார்” என்றாள்.

“ஆளை வெச்சு எழுதியிருப்பாரு” என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் அவளைத் தாண்டி அதிகாரி முன்னால் வந்து நின்றார்.

“அவரை எதுக்கு சார் இழுக்கறீங்க? என் வகுப்பை ஒரு தடவை வந்து பாருங்கன்னு பேர் போட்டு உங்களுக்கு நாலு லெட்டர் எழுதினேன். ஒண்ணுக்கும் நீங்க வரல.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“பேர் போடாம எழுதின அஞ்சாவதுக்குத்தானே சார் வந்தீங்க!”