சத்தம் போடும் கேமரா

"இதுல சத்தமே வரலையே?"

கேமராவைக் கண்ணில் வைக்காமல் காதில் வைத்துப் பார்த்தவரைக் கண்டு சேல்ஸ்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜை கொள்ளாமல் ஏற்கெனவே கேமராக்களை இறக்கி வைத்தாயிற்று. மனுஷர் ஒன்றுக்கும் மசியவில்லை.

"சத்தம் வராததுதான் சார் இதோட விசேஷமே! ஃபுல் ஃப்ரேம். பின்னாடி இருக்கிறதெல்லாம் மங்கி, முகம் மட்டும் பளிச்சுன்னு விழும். யாரை எடுக்கப் போறீங்க?"

"என் பொண்ணை. நாளைக்கு வேலையில சேர்றா. ஆனா போட்டோன்னாலே இப்பல்லாம் எழுந்து போயிடறா."

'இந்தப் பாடு படுத்தினா யாருதான் உட்காருவாங்க?' என்று மனசுக்குள் கறுவினான் சேல்ஸ்மேன். அதுவரை காத்திருந்த ஒரு ஜோடி நடையைக் கட்டியது. கல்லாவிலிருந்து முதலாளி முறைத்தார்.

"கொஞ்சம் அப்படி நில்லுங்க தம்பி. உங்களை ஒண்ணு எடுத்துப் பார்க்கிறேன்."

தலையெழுத்தே என்று போய் நின்று பல்லைக் காட்டினான். தாடை வலிக்கும்வரை காட்டினான்.

"எடுத்தாச்சா சார்?"

"அப்பவே எடுத்தாச்சே!"

முதலாளி உட்படக் கடையே சிரித்தது. அவனுக்கு மானம் போயிற்று.

"பார்த்தீங்களா? இது வேண்டாம். நல்லா உரக்கக் கேட்கணும்."

விருட்டென்று உள்ளே போனவன், அலமாரியின் அடித்தட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய மாடல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதுவும் ஃபுல் ஃப்ரேம்தான். இது போடற இரைச்சலுக்குப் பயந்தே யாரும் சீண்டறதில்லை."

'டடக்!'

அவர் முகம் மலர்ந்தது. "அந்தக் கோடியில போய் நில்லுங்க. அங்கேயும் கேட்குதா?"

"தெருவுக்கே கேட்கும் சார்! ஊரே புதுசைத் தேடி ஓடுது. உங்களுக்கு ஏன் சார் இந்தப் பிடிவாதம்?" பொறுமை போய்க் கேட்டேவிட்டான்.

"போன மாசம் சொந்தக்காரங்க கூடின இடத்துல, உங்களை மாதிரிதான் அவளும் சிரிச்சுக்கிட்டே நின்னா. எல்லாரும் கலைஞ்சு போன பிறகும் நின்னா. பார்த்தவங்க சிரிச்சுட்டாங்க. 'எடுத்தாச்சும்மா'னு நான் குரல் கொடுத்தா, 'நான் என்ன குழந்தையா?'ன்னு கோவம் வேற."

அவர் இன்னொரு தடவை அழுத்திக் கேட்டுக்கொண்டார்.

"அவளுக்குப் பார்வை கிடையாது தம்பி. இந்தச் சத்தம் கேட்டா, யாரும் சொல்லாமலே சிரிப்பை நிறுத்திக்குவா."