லேபிளைத் தின்ற பூச்சி

நிலவறையில் அறுபது வருஷமாகப் படுத்துக் கிடந்தது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில். உலகத்திலேயே அந்த ரகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் பாட்டிலின் சொந்தக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, அதன் லேபிளை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுவார். பிறகு வேறு பாட்டிலைத் திறந்து ஊற்றுவார்.

பாட்டிலுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஒயின் நன்றாக முதிர்ந்துவிட்டது. இனி புளிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஒன்று அந்தப் பக்கம் வந்தது.

"ஏய், இங்கே வா. என் லேபிளைத் தின்னு."

பூச்சி பதறியது. "ஐயோ அக்கா! உங்க மவுசே அதுலதானே இருக்கு?"

"அது காகிதத்தோட மவுசுடா. ஒரு நாக்குகூடப் படாம நான் காடியாப் போகணுமா? மாட்டேன். ஊரு, பேரு, வருஷம் எல்லாத்தையும் தின்னு. பசைகூட ருசியாத்தான் இருக்கும்."

பூச்சி தின்றது.

அடுத்த விருந்தில் சொந்தக்காரர் விளக்கைத் தூக்கினார். வாசிக்க ஒன்றுமில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! இனி இதை எவன் மதிப்பான்? திறங்கப்பா, குடிச்சுத் தொலைப்போம்."

தக்கை கழன்றது. முதல் வாய் உள்ளே போனதும், ஓயாமல் பேசும் அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கோப்பையை மறுபடியும் நீட்டினார்.

காலி பாட்டில் மூலைக்கு உருண்டது. பூச்சி தயங்கித் தயங்கி வந்தது.

"வருத்தமா அக்கா?"

"வருத்தமாவது! ஓரத்துல இன்னும் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு. அதையும் தின்னு."