கோட்டுக்கு விடுதலை

"ஐயோ சார், மறுபடியும் நேர்கோடா?"

மாயா தலையில் கை வைத்துக்கொண்டாள். சென்னையில் ஓவியம் படித்தவள். கணவனின் வங்கி வேலையோடு சூரிச்சுக்கு வந்து, ஒரு தமிழ்க் கடையின் மேல்மாடியில் நவீன ஓவிய வகுப்பு நடத்துகிறாள். மற்றவர்களின் கோடுகள் துள்ளின, சுருண்டன, சில காகிதத்தை விட்டே ஓடின. குகநாதனின் கோடு மட்டும் அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் நின்றது. சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளை. மிஞ்சிப்போனால் கொஞ்சம் மஞ்சள்.

"கை தானாப் போகுது, ரீச்சர்," என்றார் குகநாதன்.

"உள்ள ஏதோ அடைச்சுக்கிட்டு இருக்கு சார். இந்தச் சாம்பல் என்ன? போர்க்காலப் புகையா?"

குகநாதன் யோசித்தார். ஊரை விட்டு வரும்போது அவர் கடைசியாகக் கண்ட புகை, வழியனுப்ப வந்த மாமாவின் சிகரெட் புகைதான். ஆனாலும் இவ்வளவு கரிசனையாகக் கேட்கிறவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

"ஓம், அப்பிடியும் சொல்லலாம்."

"இந்தக் கோடு ஏன் விட்டு விட்டுப் போகுது?"

"சில இடத்திலை அப்பிடித்தான் விடவேணும்."

"பிரிஞ்ச குடும்பங்கள்!" மாயாவுக்குக் கண் கலங்கியது. "சனிக்கிழமை கண்காட்சி. விடுதலையான கோடு வந்தாத்தான் சார், உங்க படத்தை மாட்டுவேன்."

குகநாதனின் மனைவி புனிதவதி, தாங்கள் குடியிருக்கும் பக்கத்து நகரமான வின்டர்தூரில் கோயில், கடை, சீட்டுப் பிடிக்கும் வீடு என்று ஒன்று விடாமல் சொல்லி வைத்திருந்தாள். ஒரு வேன் நிறையச் சனம் வருகிறது. படம் தொங்காவிட்டால் அவள் இவரைத் தொங்கவிடுவாள்.

"நான் என்ன செய்யவேணும், ரீச்சர்?"

"தோளைத் தளர விடுங்க. கண்ணை மூடுங்க. எங்க போகணும்னு கோடே முடிவு பண்ணட்டும். வகுப்புல மட்டுமில்ல, சாப்பிடும்போது, நடக்கும்போது, எப்பவும் இதே பயிற்சி!"

குகநாதன் சொல் கேட்கிற மனிதர். அன்றிரவு சோற்றுக்கு விட்ட குழம்பு மேசைவிரிப்பில் போய் நின்றது. மறுநாள் சொந்த வீட்டைத் தாண்டிப் போய் அடுத்தவர் வாசலில் மணி அடித்தார். வாரம் முழுக்க ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை.

வெள்ளி மாலை வகுப்பில் தூரிகையை வைத்தார். கோடு புறப்பட்டது. ஏறி, இறங்கி, தன்னைத்தானே ஒருமுறை சுற்றிப் பார்த்து, சட்டத்தின் ஓரத்தால் வழிந்து, மாயா காலில் போட்டிருந்த சப்பாத்தில் போய் இளைப்பாறியது.

மாயா அழுதே விட்டாள். "சார், நீங்க விடுதலை ஆயிட்டீங்க!"

சனிக்கிழமை படம் நடுச்சுவரில் தொங்கியது. காலையிலேயே ரயிலில் வந்துவிட்ட புனிதவதி பட்டுச் சேலையில் வாசலைப் பார்த்து நின்றாள். வடை ஆறியது. வேன் வரவில்லை. கடைசியில் வேனை ஓட்டும் லக்ஷ்மணனின் அழைப்புத்தான் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தாள்.

"அக்கா, வீதியின்ரை நடுக்கோடு வளைஞ்சு வளைஞ்சு போய் வயலுக்கை இறங்கிட்டுது. நாங்கள் இப்ப ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு முன்னாலை நிக்கிறம்."

"கோடு போனா நீயும் பின்னாலை போறதோ, விசரா?"

"நான் மட்டுமோ? முன்னாலை பஸ், பின்னாலை பொலிஸ் கார். சுவிஸ்காரர் ஒருத்தரும் கோட்டை மீறேல்லை அக்கா. எல்லாரும் ஒழுங்கா வரிசையிலை நிக்கினம்."

புனிதவதி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் தன் படத்தையே வெகு கவனமாக ரசித்துக்கொண்டிருந்தார்.

புகையையும் பிரிவையும் பற்றி அத்தனை கேட்ட மாயா, அன்றுதான் அதைக் கேட்டாள்: "அம்மா, சார் என்ன வேலை பார்க்கிறார்?"

"றோட்டுக்குக் கோடு போடுறார், பிள்ளை," என்றாள் புனிதவதி.