சனிக்கிழமைக் கோளாறு

"ஏலே தம்பி, ஒனக்கு ரிப்பேர் பாக்கத் தெரியுமா, இல்ல பஸ் ஏறி வந்து காப்பி குடிச்சிட்டுப் போகத்தான் தெரியுமா?"

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி நடத்தும் இருளப்பசாமியின் குரல் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்திருந்த காசிராஜன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சனிக்கிழமை தவறாமல் வாங்கும் ஏச்சுதான் அது.

கோளாறும் புதிதில்லை. மெஷினைப் போட்டதும் மெமரி டிரைவர் என்ற சின்ன புரோகிராம் முதலில் எழ வேண்டும். அதை நம்பித்தான் மற்ற டிரைவர்கள் எழும். அந்த வரிசையை எழுதி வைத்திருக்கும் ஃபைலில் யாரோ இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றிவிட, கணக்கு புரோகிராம் மறுபடியும் படுத்துவிட்டது.

யாரோ என்ன யாரோ! கம்பெனியின் அந்த ஒரே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது முதலாளியின் மகள் செல்லக்கனிதான். தன்னை வரவழைக்கத்தான் இந்தக் குறும்பு என்று காசிராஜனுக்கு மனசெல்லாம் குளிர்ச்சி.

ஆனால் இன்று பயமும் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவதாக சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அவளை எப்படிப் பார்ப்பது?

இருளப்பசாமி வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் தட்டுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "மம்சாபுரத்துல ஒன் வீடு எந்தத் தெரு? ஒங்கப்பா எப்ப இருப்பாவ?"

வீடு தேடி வந்து சண்டை போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டான். "கீழத் தெரு சார். சாயங்காலம் இருப்பாவ" என்றான் பணிவாக.

அவர் நகர்ந்ததும் செல்லக்கனியிடம் மெல்லச் சொன்னான். "இனிமே வரிசைய மாத்தாதீங்க. எனக்கு வேல போயிரும்."

"நானா? நான் அந்த ஃபைலத் தொட்டதே இல்லையே!"

அவள் முகத்தில் பொய் இல்லை. காசிராஜனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மெஷினைச் சரிபண்ணிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வாசலில் இருளப்பசாமி வழிமறித்தார். "அவளை எதுக்குக் கேக்கிய? மாத்துனது நான்தான்."

"நீங்களா? எதுக்கு சார்?"

"எம் மவ ஒங்களத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. எம்புட்டு ஏசினா மாப்ளைக்குக் கோவம் வரும்னு நான் பாக்கணும்லா?"