சொந்தக் கையால்

"கத்தியை எடுங்க. இப்பவே வெட்டிப் பார்த்துடலாம்!"

மருந்துக் கடைக்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் அச்சகத்தின் மாடி அறை கப்சிப் ஆனது. அந்த அறைக்குள் ஒரு பெண் நுழைந்ததே அன்றுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே கடற்போர் நடக்கும். ஆளுக்கொரு கற்பனை நாடு, நாட்டுக்கொரு கொடி, ஒரு கடற்படை. மேஜைகளைச் சேர்த்துப் போட்டு விரித்த நீலத் துணிதான் கடல். அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, குண்டு பட்டதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். ஒரே ஒரு விதிதான் கறார். கப்பலை அவரவர் சொந்தக் கையால் கட்ட வேண்டும். விலைக்கு வாங்கியது என்று தெரிந்தால் அந்த நாட்டையே வரைபடத்திலிருந்து அழித்துவிடுவார்கள்.

போன வாரம் மருந்துக் கடைக்காரர் தன் ஆழிநாட்டுக்காக 'இடிமுழக்கம்' என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கினார். ஒரு முழ நீளம். பீரங்கி மேடை சுழன்றது. மேல்தளத்தைச் சுற்றித் தலைமுடி கனத்தில் கம்பி வேலி. கருங்கல் குடியரசின் அதிபரான வக்கீல் அதைப் பார்த்த கையோடு எழுந்து நின்றுவிட்டார். "ஆட்சேபிக்கிறேன். இது கடைச் சரக்கு!"

அதற்கான விசாரணைதான் இன்று.

"கோபப்படாதீங்கம்மா," என்றார் வக்கீல். "இதோட நுணுக்கமெல்லாம் உங்களுக்குப் புரியாது. எங்கயாவது ஒரு சொட்டுப் பசை வழிஞ்சிருக்கா பாருங்க. நானும் நாலு கப்பல் இறக்கினவன். சத்தியமா சொல்றேன், இந்த அறையில இருக்கற எந்த ஆம்பளைக் கையாலயும் இப்படி ஒரு வேலை வராது!"

"அழகா இருந்தா அது திருட்டா? நல்லா இருக்கு இந்த நியாயம்! எட்டு மாசம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில ஒரு தட்டு வைக்க இடமில்ல. அட்டையும் குண்டூசியுமா கிடந்துச்சு. அதுக்கு யார் பதில் சொல்றது?"

"நீங்க அவரோட மனைவி. அவருக்குச் சாதகமாத்தான் பேசுவீங்க. அது சாட்சியமாகாது."

"அதனாலதான் கத்தியைக் கேக்கறேன். வாங்கின கப்பல்னா உள்ள ஒரே வார்ப்பா இருக்கும். கட்டினதுன்னா சட்டம் சட்டமா இருக்கும். வெட்டினா வெட்ட வெளிச்சம்!"

மருந்துக் கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வேண்டாம், விடு," என்று முணுமுணுத்தார். "விலைக்கு வாங்கலைன்னு நமக்குத் தெரியும்ல? போதும். ஆழிநாடு தோத்துப்போச்சுன்னே வெச்சுக்கட்டும்."

"தோக்கறதாவது! குனியக் குனியத்தான் குட்டுவாங்க. நீங்க சும்மா இருங்க!"

நடுவரான அச்சகக்காரர் தயங்கித் தயங்கித் தாள் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. குற்றம் சாட்டிய வக்கீலே இரண்டடி பின்வாங்கினார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, கப்பலின் நடுவயிற்றில் கத்தியை வைத்து அழுத்தி இழுத்தாள்.

கப்பல் இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே மருந்துப் பெட்டி அட்டையில் வெட்டிய விலாச் சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய எண். ஒரு சட்டத்தில் 'குலுக்கிய பின் அருந்தவும்' என்ற எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சந்தேகமே இல்ல. கையால கட்டினதுதான்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றாள் அவள், வக்கீலைப் பார்த்து.

வக்கீலின் முகம் சுண்டிப்போயிருந்தது. "தப்புதான், மருந்துக்காரரே. மனசுல வெச்சுக்காதீங்க."

"தங்கக் கைங்க உங்களுக்கு!" என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு மருந்துக் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கையை உருவிக்கொள்ளத்தான் பார்த்தார்.

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, "பாவிங்க, என்னையே வெட்ட வெச்சுட்டாங்களே," என்று பொருமியபடி படியிறங்கினாள்.

மாலையில் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

"அக்கா, வக்கீலோட மனைவி பேசறேன்."

"என்ன, சமாதானத் தூதா? உங்க வீட்டுக்காரருக்கு இனிமே எங்க கடையில தலைவலி மாத்திரைகூடக் கிடையாதுன்னு சொல்லிடுங்க!"

"ஐயோ, நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியாதுக்கா. நடந்ததை இப்பத்தான் சொன்னார். தடவிக்கூடப் பார்க்காம, ஒரு சட்டம்கூடச் சிதையாம, ரெண்டு சட்டத்துக்கு நடுவுல கத்தியை இறக்கினீங்களாமே? எந்தச் சட்டம் எங்க இருக்குன்னு கட்டினவங்களுக்குத்தானே அக்கா தெரியும்?"

அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"இதை அவர்கிட்ட போட்டுக் குடுக்கப் போறீங்களா?"

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக்கா சொல்லுவேன்!" மறுமுனையில் குரல் இன்னும் தணிந்தது. "கப்பல் மூக்குல அந்த வளைவை எப்படிக் கொண்டுவந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்கு நாலு கப்பல் கட்டிக் குடுத்துட்டேன், எனக்கு இன்னும் அது வரவே மாட்டேங்குது!"